சீக்கிரம் தீர்ந்துபோகிற சொட்டு மருந்து

"பதினஞ்சு நாளைக்கு வர வேண்டிய மருந்து. ஒன்பது நாள்ல எப்படித் தீரும்?"

கால்நடை டாக்டரம்மா காலிக் குப்பியைக் கவிழ்த்துத் தட்டினார். ஒரு சொட்டும் விழவில்லை. மேஜைமேல் உட்கார்ந்திருந்த உருளை, பேச்சு தன்னைப் பற்றித்தான் என்று தெரிந்துகொண்டு வாலை ஆட்டியது. ஐந்து மாதக் குட்டி. நடப்பதைவிட உருளுவது அதிகம் என்பதால் அந்தப் பெயர். இரண்டு கண்ணும் ரத்தமாய்ச் சிவந்து, ஓரத்தில் பூளை கட்டி, கன்னத்தில் தண்ணீர் கோடு போட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க சொன்னபடிதான் டாக்டர். கண்ணுக்கு ஒரு சொட்டு, நாளைக்கு மூணு வேளை" என்றார் மீட்டர்க்காரர்.

"அப்போ கண்ணுக்குப் பாதி, தரைக்குப் பாதின்னு ஊத்தறீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் குறிக்கிற மனுஷன். கொக்கி போட்டுத் திருட்டுக் கரண்ட் இழுப்பவர்களை மோப்பம் பிடித்தே கண்டுபிடிப்பார் என்று ஆபீஸில் பேர். அவரைப் பார்த்து அளவு தெரியாதவர் என்றால் எப்படி இருக்கும்?

டாக்டரம்மா ஒரு சொட்டு மரப்பு மருந்து விட்டு, சின்ன இடுக்கியால் உருளையின் கண்ணோரம் எதையோ தூக்கிக் காட்டினார். "இது மூணாவது இமை. இதுக்குப் பின்னாடி குருணை குருணையா வீங்கியிருக்கு பாருங்க. குட்டி நாய்ங்களுக்கு இது சகஜம். ஒண்ணரை வயசுக்குள்ள பெரும்பாலும் அடங்கிடும். ஆனா மூணு தடவை சரியாகி, மூணு தடவை திரும்பி வந்திருக்குன்னா, உங்க வீட்ல ஏதோ ஒண்ணு உறுத்துது. தூசு, புகை, எதுவோ. அதைக் கண்டுபிடிங்க. இல்லேன்னா சொறிஞ்சு சொறிஞ்சு கருவிழியில புண்ணாக்கிக்கும்."

"மூணு இமையா டாக்டர் இதுக்கு?"

"எல்லா நாய்க்கும் மூணுதான். பயப்படாதீங்க."

பயப்படாதே என்று சொன்னால் உடனே பயப்படத் தொடங்குகிற ஜாதி மீட்டர்க்காரர். புதுக் குப்பியையும், சொறியாமல் இருக்கக் கழுத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக் கூம்பையும் வாங்கிக்கொண்டு கிளம்பினார். டாக்டரிடம் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாரோ என்று ஒரு கூச்சம்.

விஷயம் இதுதான். உருளை வீட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் உட்காரும். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு இருட்டு நடை. அங்கே, அந்த வீட்டோடேயே வந்த, கதவில்லாத பழைய இரும்புத் தட்டு அலமாரி ஒன்று நிற்கிறது. அதற்கு முன்னால் உட்கார்ந்து, தலையை அண்ணாந்து, பலகை அடித்த கூரையின் மூலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அரை மணி, ஒரு மணி. கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். வால் மட்டும் தரையைப் பெருக்கிக்கொண்டிருக்கும். கூப்பிட்டால் திரும்பாது. அந்த மூலையில் ஒரு பல்லிகூடக் கிடையாது. அவர் பலமுறை பார்த்துவிட்டார்.

*

இதை முதலில் வாய்விட்டுக் கேட்டது வீட்டுக்காரம்மாதான். ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், இரண்டு வீடு. இந்தப் பக்கம் மீட்டர்க்காரரும் மனைவியும் வாடகைக்கு. அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா தனியாக. தண்ணீர்க் குழாயைப் பார்க்க வருகிறேன் என்று உள்ளே வந்தவர், நடையில் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, இது எதைப் பாத்து அழுவுது?"

"அழலைம்மா. கண்ணு நோய்."

"நோய்க்குக் கண்ணுல தண்ணி வரும், சரி. வாலை ஏன் ஆட்டுது? தெரிஞ்ச ஆளைப் பாத்த மாதிரியில்ல ஆட்டுது?"

வீட்டுக்காரம்மா அந்த மூலையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். எப்போதும் ஏழு வீதிக்குக் கேட்கிற குரல் கிணற்றுக்குள் போய்விட்டது.

"எங்க வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆச்சு தம்பி. ஒரு சின்ன வேலை சொன்னேன். நாலு தடவை சொன்னேன், வச்சுக்கயேன். அஞ்சாவது தடவை சொல்லலாம்னு திரும்பறேன், ஆளைக் காணோம். சட்டை போடலை. செருப்புகூட மாட்டிக்கலை. இன்னும் என் வாசல்லதான் கெடக்குது. உசிரோட இருக்கிற மனுஷன் ஆறு வருஷம் செருப்பில்லாம எங்க நடப்பாரு? நீயே சொல்லு."

"அதுக்கும் நாய்க்கும்..."

"நாய்க்கு மட்டும்தான் தெரியும். நமக்குத் தெரியாது." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பழைய குரலுக்குத் திரும்பினார். "அழுவற நாய் என் வீட்ல வேண்டாம். ஒண்ணாந்தேதிக்குள்ள அது கண்ணு காயணும். இல்லேன்னா அதை வேற எங்கயாவது விட்டுடு."

அன்று சாயங்காலம் மீட்டர்க்காரர் இதை மனைவியிடம் சொன்னார். மனைவி துணிக்கடையில் அளந்து வெட்டுகிறவள். பேச்சும் அப்படித்தான், வெட்டு ஒன்று துண்டு ரெண்டு.

"உருளை போனா நானும் போறேன்."

"இதென்ன பேச்சு?"

"பதினோரு வருஷமா கதவைத் திறந்தா, 'மணி எத்தனை, பால் எத்தனை'ன்னுதான் கேக்கறீங்க. ஒரு ஜீவன் என்னைப் பாத்ததும் விழுந்தடிச்சு ஓடி வருது. அதை விட்டுட்டு இந்த வீட்ல நான் என்ன பண்றது? உங்களுக்கு மீட்டர் காட்டிட்டு உக்காந்திருக்கவா?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் கண்ணும் சிவந்திருந்தது. ஒன்றாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

*

முதல் வேலையாகக் கூம்பை மாட்டினார். உருளை ஒலிபெருக்கி மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் நேராக நடைக்குப் போய், கூம்போடு சேர்த்துத் தலையை அண்ணாந்து உட்கார்ந்துகொண்டது. மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்தவர் குனிந்து பார்த்தால், கண் இரண்டும் நெருப்பு. கூம்புக்குள்ளே அடியில் ஒரு சிட்டிகை பழுப்புத் தூள் சேர்ந்து கிடந்தது. இந்தச் சனியன் எங்கே போய் முகத்தை விட்டது என்று திட்டிக்கொண்டே தட்டிக் கொட்டினார். கூம்பு கழற்றப்பட்டது.

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தார். காலையில் அவர் பாதியில் விட்டுப்போன குறுக்கெழுத்துப் போட்டி முழுக்க நிரப்பியிருந்தது. அழகான, சாய்வான எழுத்து.

"பரவாயில்லையே, எல்லாத்தையும் போட்டுட்டியே" என்றார் சாயங்காலம்.

"நானா? நீங்கதானே போட்டீங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சை அதற்குமேல் யாரும் வளர்க்கவில்லை.

ஆபீஸிலும் நிம்மதி இல்லை. தன் வீட்டு மீட்டரைத் தானே குறிக்கக் கூடாது என்பது விதி. அதைக் குறிக்கிற சகா தேநீர் வேளையில் கேட்டார். "உங்க வீட்ல பகல்ல என்ன ஓடுது அண்ணே? ஆளில்லாத நேரத்துல மீட்டர் வட்டு சுத்திக்கிட்டே இருக்கு."

"நாய்க்குட்டிக்கு ஃபேன் போட்டுட்டு வரேன்."

"நல்ல நாய். வேகத்தைக் கூட்டிக் குறைச்சுக்கிட்டு இருக்குது."

மீட்டர்க்காரர் சிரித்து வைத்தார். தேநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

*

வீட்டுக்காரம்மா சும்மா இருப்பாரா? கெடு வைத்தவரும் அவர்தான், வைத்தியம் சொன்னவரும் அவர்தான். சனிக்கிழமை பட்டப்பகலில் ஒரு சட்டியில் ஏதேதோ காய்ந்த இலையைப் போட்டுப் புகைய வைத்துக்கொண்டு வந்தார்.

"எது இருந்தாலும் ஓடிடும். கதவை எல்லாம் சாத்து."

"டாக்டரம்மா புகை ஆகாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றாள் மனைவி, உருளையைத் தூக்கிக்கொண்டு.

"டாக்டரம்மா வீட்ல ஆவி இல்ல. அதனால சொல்லுவாங்க."

புகை நடையை நிறைத்து, பலகைக் கூரையைத் தடவி, இடுக்கு இடுக்காக மேலே ஏறியது. மனைவி கண்ணைக் கசக்கினாள். உருளை கைக்குள் திமிறிக்கொண்டு மூலையைப் பார்த்துக் குரைத்தது. அப்புறம் திடீரென்று நிறுத்திக் காதை விறைத்தது. வீடே மூச்சடங்கின மாதிரி ஆயிற்று.

மேலேயிருந்து ஒரு தும்மல் கேட்டது.

யாரும் அசையவில்லை. இரண்டாவது தும்மல். கொஞ்ச நேரம் கழித்து, அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் போன மாதிரி, மூன்றாவது.

வீட்டுக்காரம்மாவின் முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது. "அவரு... மூணு தடவைதான் தும்முவாரு. எப்பவும் மூணு" என்றவர் சட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார். அந்த வயதில் அந்த ஓட்டத்தை அந்தத் தெருவே பார்த்ததில்லை.

"பூனையா இருக்கும்" என்றார் மீட்டர்க்காரர்.

"பூனை எண்ணிக்கிட்டா தும்மும்?" என்றாள் மனைவி.

மறுநாள் உருளையின் கண் திறக்கவே முடியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, இமையை ஒத்தி ஒத்திப் பிரித்தார்கள். குட்டி வலியில் முனகிக்கொண்டே அவர்கள் கையை நக்கியது. மனைவி எழுந்து போய், கட்டிலுக்கடியில் கிடந்த ஊருக்குப் போகிற பெட்டியை எடுத்து வைத்து, அதைத் துடைக்க ஆரம்பித்தாள். எதற்கு என்று கேட்கிற தைரியம் அவருக்கு இல்லை.

*

அந்தப் புகைக்குப் பிறகு மருந்து இன்னும் வேகமாகக் குறைந்தது. மீட்டர்க்காரர் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையில் இறங்கினார். குப்பியை வெளிச்சத்தில் பிடித்து, மருந்தின் மட்டத்தில் பேனாவால் மெல்லிய கோடு போட்டார். பக்கத்தில் தேதி, நேரம். மருந்து விடுகிறவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்று மனைவிக்கும் உத்தரவு போட்டார்.

"எட்டரை மணிக்கு இந்தக் கோடு. மத்தியானம் ஒரு மணிக்கு வந்து பாக்கறேன். மட்டம் இங்க இருக்கு. நடுவுல யாரு விட்டது?"

"நான் கடையில இருந்தேன். என்னைச் சந்தேகப்படறீங்களா?"

"சந்தேகமில்ல. கணக்கு இடிக்குது. நாலு சொட்டு காணோம்."

"அப்போ குப்பியை நீங்களே சட்டைப் பையில வச்சுக்கிட்டுப் போங்க!"

போனார். மறுநாள் காலை கதவைப் பூட்டி, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் குப்பியோடு தெருத் தெருவாக மீட்டர் குறித்தார். ஒரு மணிக்குத் திரும்பினார். பூட்டு பூட்டினபடி இருந்தது. ஜன்னல்கள் கொக்கி போட்டபடி இருந்தன.

உள்ளே போனவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருந்து அலமாரியில் இருந்த அத்தனை குப்பிகளும் மேஜைக்கு வந்திருந்தன. எதுவும் சிதறவில்லை, உடையவில்லை. இருமல் மருந்து, தைலம், களிம்பு எல்லாம் உயர வாரியாக வரிசையில் நின்றன. எதையோ பொறுமையாகத் தேடி, கிடைக்காமல், அடுக்கி வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

உருளை நடையில் அண்ணாந்து உட்கார்ந்திருந்தது. அதன் வாயோரம் பிஸ்கட் தூள். முகம் சுத்தமாகத் துடைத்திருந்தது. பூளை இல்லை. தரையில் ஒரு பஞ்சு உருண்டை. அதை எடுத்தார். இன்னும் ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது.

பூட்டின வீடு. இரண்டு பேரும் இல்லாத வீடு. இந்த நாயின் கண்ணைத் துடைத்தது யார்?

தலைக்கு மேலே பலகை ஒருமுறை மெல்ல முனகியது. பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. வெளியே வெயில் கொளுத்துகிறது, எவனோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போகிறான், இவருக்கு மட்டும் முதுகுத்தண்டில் பனி. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலில் ஓடியது கால்தான். உருளையை அள்ளிக்கொண்டு, செருப்பை இடது வலது மாற்றி மாட்டிக்கொண்டு, டாக்டரம்மாவின் கிளினிக்கில் போய்த்தான் நின்றார்.

*

டாக்டரம்மா சிரிக்கவில்லை. உருளையை மூன்று நாள் கிளினிக்கிலேயே வைத்துக்கொண்டார். நான்காம் நாள் மனைவியும் கூடப் போனாள். கூண்டைத் திறந்ததும் உருளை பாய்ந்து வந்து அவள் காலடியில் உருண்டது. கண் இரண்டும் பளிங்கு. ஒரு துளி நீர் இல்லை.

"பாத்தீங்களா? நாய்க்கு ஒண்ணுமில்ல. வீட்டுக்குத்தான் நோய்" என்றார் டாக்டரம்மா. சோதனைக்கு வைக்கிற சின்னக் கண்ணாடி வில்லை ஒன்றைக் காட்டினார். அதில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. "வந்த அன்னிக்கு இமைக்குள்ளேர்ந்து எடுத்தேன். மக்கின மரத்தூள். இது மேலேயிருந்து உதிர்ந்து நேரா கண்ணுல விழுந்தது. உங்க வீட்ல மேலே என்ன இருக்கு?"

"பரண். அலமாரிக்கு நேர் மேலே ஒரு பலகை மூடி இருக்கு. நாங்க வந்ததுலேர்ந்து யாரும் ஏறினதே இல்ல."

"அப்போ அதுதான். உளுத்துப்போய்க் கொட்டுது. இது அண்ணாந்து உக்காந்து வாங்கிக்குது. எங்க கிளினிக்குக்குத் தூசு உறிஞ்சற மிஷின்காரர் ஒருத்தர் வருவார். நாளைக்கே அனுப்பறேன். பரணைச் சுத்தம் பண்ணுங்க, சரியாப் போயிடும்."

மீட்டர்க்காரருக்கு அழாத குறை. மரத்தூள்! வெறும் மரத்தூள்! தும்மல் பூனை, முனகல் உளுத்த பலகை, குறுக்கெழுத்து மனைவியின் ஞாபக மறதி. பஞ்சு உருண்டையை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதை யோசிக்காமல் விட்டார். மனைவி வழிநெடுக உருளையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள்.

"என்ன சொல்றே அதுகிட்ட?"

"பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்கடியில தள்ளிடலாம்னு சொல்றேன்."

*

மறுநாள் ஒன்றாம் தேதி. மிஷின்காரர் பத்து மணிக்கே வந்துவிட்டார். ஒடிசலான ஆள். முதுகில் மிஷின், வாயில் துணிக்கட்டு. கூடவே, கெடு முடிந்ததா என்று பார்க்க வீட்டுக்காரம்மாவும் வந்து நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். உருளையின் முகத்தைப் பிடித்து இமையை விரித்து நன்றாகப் பார்த்தார்.

"காஞ்சுதான் இருக்குது" என்றார், ஏமாந்த குரலில். "ஆனா அந்தப் பரணை நோண்டாம இருக்கறதே நல்லது தம்பி. அது ரெண்டு வீட்டுக்கும் சேர்ந்த பரண். என் பக்கத்து மூடியில எலி வருதுன்னு அவர் போன மறுநாளே நான் ஆணி அடிச்சுட்டேன்."

"ஏணி இல்லீங்களே" என்றார் மீட்டர்க்காரர், மிஷின்காரரிடம்.

"ஏணி எதுக்கு சார்? இந்த அலமாரியிலதானே வழக்கமா ஏறுவீங்க? தட்டு ஓரமெல்லாம் கால் பட்டுத் தேஞ்சு வழவழன்னு இருக்கே." அவர் தட்டுத் தட்டாகக் கால் வைத்து ஏறி, மூடியைத் தள்ளி, இருட்டுக்குள் நுழைந்து மறைந்தார்.

மீட்டர்க்காரர் அலமாரியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். ஆமாம், வழவழப்பாகத்தான் இருந்தது. அண்ணாந்து மூடியைப் பார்த்தார்.

மேலே மிஷின் இரைந்தது. கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சத்தம் நகர்ந்தது. திடீரென்று நின்றது. அந்த அமைதியில் பேச்சுக் குரல் மெல்லக் கேட்டது.

"யாருகிட்ட பேசறாரு?" என்றாள் மனைவி.

"போன் வந்திருக்கும்" என்றார் மீட்டர்க்காரர்.

உருளை நடைக்கு ஓடிப்போய் அண்ணாந்து உட்கார்ந்துகொண்டது. வால் தரையில் பட்டுப் பட்டென்று அடித்தது. மிஷின் மறுபடி இரைந்தது, கால் மணி நேரம் ஓடியது, அடங்கியது.

வீட்டுக்காரம்மா தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆவியாவே இருந்தாலும் பரவாயில்ல தம்பி" என்றார் மெதுவாக. "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம். வாசல்ல அந்தச் செருப்பைத் தினம் தொடச்சு வைக்கிறேன்."

மனைவி அவர் தோளில் கை வைத்தாள்.

மிஷின்காரர் கால் தேடித் தேடி இறங்கி வந்தார். தலையெல்லாம் தூசு. துணிக்கட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் இருந்த வீட்டுக்காரம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மீட்டர்க்காரரை நடைப்பக்கம் ஒதுக்கிக் கூப்பிட்டார்.

"எல்லாம் சுத்தமா எடுத்தாச்சு சார். மேல இருக்கிற பெரியவருக்கும் கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது, சொட்டு மருந்து அவருக்கு எத்தனை வேளைன்னு கேக்கச் சொன்னாரு. அப்புறம் இந்தம்மா கிளம்பிட்டாங்களான்னும் கேக்கச் சொன்னாரு."